இந்தப் படத்தில் இளஞ்சேரனுக்கு என்ன வேஷம்?

ஊர் உலகத்தில் எல்லாரும்தான் சினிமா பார்க்கிறார்கள். பார்த்துவிட்டு வந்து கைகால் கழுவி, சாப்பிட்டுப் படுக்கிறார்கள். ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்துப் பிரதீஷ் மட்டும் அப்படி இல்லை. நடிகர் இளஞ்சேரனின் படம் வந்துவிட்டால் போதும், பதுளைக்குப் போய்ப் பார்த்துவிட்டு, அந்தப் படத்து ஆளாகவே வீட்டுக்குள் நுழைவான். அடுத்த படம் வரும்வரைக்கும் அந்த ஆள்தான் குடும்பம் நடத்துவான். மனுசன் என்று பிறந்தால் சொந்தமாக ஒரு குணம் வேண்டாமா? பிரதீஷுக்கு அப்படி ஒன்று இருந்ததா இல்லையா என்பது, பன்னிரண்டு வருசம் கூடக் குடித்தனம் செய்த அவன் பெண்டாட்டி யசோதினிக்கே தெரியாது.

இளஞ்சேரனும் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஒரு படத்தில் விஞ்ஞானி என்றால் அடுத்த படத்தில் வெட்டுக்குத்து. வேற்றுக் கிரகத்தில் தனியாக மாட்டிக்கொண்டு செடி வளர்க்கிற விஞ்ஞானியாக அவர் நடித்த வருசம், பிரதீஷ் அவர்கள் குடியிருந்த வரிசை வீடான லயத்துக்குப் பின்னால் லீக்ஸ் செடி நட்டான். சாயங்காலமானால் அதற்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு பேச்சுவார்த்தை. விடியற்காலையில் யசோதினி வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக்குக் கிளம்புமுன் பிளேன்டீ போட்டுக் கையில் கொடுப்பான்.

"கொழுந்த மெதுவாப் பறி யசோ. செடிக்கும் வலிக்கும்" என்பான்.

லயமே விழுந்து விழுந்து சிரித்தது. அவளும் சிரித்தாள். மகள் நிவேதிகா அப்போது கைக்குழந்தை. அந்தச் சில மாதங்களைப் போல ஒரு காலம் பிறகு அவளுக்கு வரவே இல்லை.

அடுத்தது துறைமுகத்து ரவுடி. படம் முழுக்கக் கையில் ஒரு பெல்ட். படம் பார்த்துவிட்டு வந்தவன் அதே மாதிரி ஒரு பெல்ட்டை வாங்கிக்கொண்டே வந்தான். குழம்பில் உப்புக் கூடியது என்று ஒரு நாள், கூப்பிட்டதும் வரவில்லை என்று ஒரு நாள். அப்படி அடித்ததில் யசோதினிக்கு முன்பல் ஒன்று போயிற்று. மலையில் தண்ணீர்க் கான் தாண்டும்போது வழுக்கி விழுந்துவிட்டேன் என்று கங்காணியிடம் சொன்னாள். கங்காணியும் நம்பின மாதிரித் தலையை ஆட்டினார்.

அதற்கப்புறம் வந்த படத்தில் இளஞ்சேரன் எதிர்காலத்திலிருந்து வந்த டாக்டர். ஈ எறும்புக்கும் தீங்கு நினைக்காத மகராசன். பிரதீஷும் அப்படியே வந்தான். ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் அவள் வாயைப் பார்த்துவிட்டுக் கண்கலங்கினான்.

"ஐயோ, பல்லு எங்கம்மா? யாரு செஞ்சா இத?" என்று கேட்டான்.

வயிறு எரியுமா, எரியாதா? ஆனால் அவளுக்கு எரியவில்லை. பயம்தான் வந்தது. இவ்வளவு பாசமாகக் கேட்கிற இந்த ஆள் யார், அன்றைக்கு அடித்த ஆள் எங்கே போய் ஒளிந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவளும் இளஞ்சேரனைக் கவனித்துக்கொண்டேதான் இருந்தாள். ரசிகை என்று நினைத்துவிடாதீர்கள். வெயில் மழை பார்க்கிற மாதிரிப் பார்த்தாள். மற்றப் பெண்கள் வெலிமடைச் சந்தையில் உருளைக்கிழங்கு என்ன விலை என்று கேட்டால், அவள் பக்கத்து வீட்டுப் பூவம்மாவின் போனை வாங்கி, இளஞ்சேரன் அடுத்து எந்த டைரக்டரிடம் நடிக்கிறார், விஞ்ஞானமா சண்டையா என்று தேடுவாள். விஞ்ஞானம் என்றால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கும். சண்டை என்றால் மகளைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு படுப்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை தோட்டத்து மாரியம்மன் கோயிலில் அர்ச்சனைக்குத் தட்டை நீட்டினாள். யார் பெயருக்கு என்று பூசாரி கேட்டார். "இளஞ்சேரன்" என்றாள். ராசி, நட்சத்திரம் கேட்டார். அது அவளுக்கு எப்படித் தெரியும்? சாமி பெயருக்கே செய்துவிடுகிறேன் என்று அவர் முடித்துவைத்தார்.

வெளியே வந்ததும் பூவம்மா பிடித்துக்கொண்டாள். பூவம்மா அவளோடு ஒரே மலையில் கொழுந்து பறிக்கிறவள், புருசன் கொழும்பில் வேலை, வாய் கொஞ்சம் நீளம்.

"ஏன்டி புள்ள, ஒனக்குப் பைத்தியமா? கட்டுன புருசனுக்கு அர்ச்சன செய்யாம சினிமாக்காரனுக்கா செய்வாங்க?"

"அவருக்கு நல்ல கத கெடைச்சாத்தானக்கா என் வீட்டுல நல்ல மனுசன் இருப்பாரு."

பூவம்மா சிரிக்க வாயைத் திறந்தாள். யசோதினியின் முகத்தைப் பார்த்துவிட்டு, அவள் கையிலிருந்த அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு நடந்தாள்.

இந்த வருசம் புதுப்படத்துப் போஸ்டர் வந்தது. பிரதீஷ் அதைக் கொண்டுவந்து கட்டிலுக்கு எதிரே சுவரில் ஒட்டினான். ஒரே முகம், இரண்டு பாதி. ஒரு பாதியில் கண்ணாடி போட்ட சாந்தமான விஞ்ஞானி. மறு பாதியில் நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் ரத்தம்.

"இதுல அவருக்கு எந்த வேசங்க?" என்று மெல்லக் கேட்டாள்.

"ரெண்டும்தான்."

"கடசியில எது நிக்கும்?"

"ஞாயித்துக்கெழம பார்த்துட்டு வந்தா நீயே தெரிஞ்சுக்குவ" என்றான். சொல்லிவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பழைய வேஷம் போய்ப் புது வேஷம் வராத நாட்களில் அவன் அப்படித்தான், உம்மென்று உட்கார்ந்திருப்பான். நிவேதிகா அந்த நேரங்களில் தண்ணீர் குடிக்கக்கூட அவனைத் தாண்டிப் போகமாட்டாள்.

யசோதினிக்கு இரண்டு நாளாகக் கண்ணில் பொட்டுத் தூக்கமில்லை. வருகிறவன் யார் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எங்காவது போய்விடலாம். தெரிந்துகொள்ள ஒரே வழிதான் இருந்தது. அவன் போகுமுன் அவள் போய்ப் பார்க்கவேண்டும்.

"தியேட்டருக்குத் தனியாவா?" பூவம்மா நெஞ்சில் கைவைத்தாள். "தெரிஞ்சா ஒன்னையக் கொன்னே போட்டுருவான்டி."

"தெரியாட்டியும் அதான நடக்கப்போவுது."

வெள்ளிக்கிழமை முதல் காட்சி. பிரதீஷ் ஸ்டோரில், தோட்டத்துத் தேயிலை ஆலையில், மெசினடியில் நின்றான். கிளினிக் போகிறேன் என்று கங்காணியிடம் சொல்லிவிட்டு யசோதினி பதுளை பஸ் ஏறினாள். தியேட்டர் வாசலில் பட்டாசு, மேளம், கட்அவுட்டுக்குப் பாலாபிஷேகம். பையன்கள் போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். குடையால் முகத்தை மறைத்துக்கொண்டு உள்ளே போய் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

கதை இதுதான். நல்ல விஞ்ஞானி ஒருவன் தன்னைப் போலவே ஒருத்தனை ஆய்வுகூடத்தில் உண்டாக்குகிறான். உண்டானவன் கொலைகாரன். படம் நெடுகச் சண்டை. ஒவ்வொரு சண்டையிலும் நல்லவன் எழும்ப எழும்ப யசோதினியும் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். எழும்பு, எழும்பு, உனக்குப் புண்ணியமாகப் போகும் என்று வாய்க்குள் முணுமுணுத்தாள். கடைசியில் கொலைகாரன் ஜெயித்தான். செத்தவனுடைய சட்டையைப் போட்டுக்கொண்டான், அவனுடைய கண்ணாடியை மாட்டிக்கொண்டான், ஒரு முழம் மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு நல்லவனுடைய வீட்டு வாசலில் போய் நின்று, நல்லவனுடைய குரலில் பெண்டாட்டியைக் கூப்பிட்டான். உள்ளேயிருந்து அவள் சிரித்தபடி தாழ்ப்பாளில் கைவைத்தாள்.

"அடியேய், தொறக்காத!" என்று யசோதினி கத்திவிட்டாள்.

முன்வரிசைப் பையன்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். திரையில் கதவு திறந்தது. படம் முடிந்தது. விசிலில் கூரை பிய்த்துக்கொண்டு போனது.

பஸ்ஸில் வரும்போது யோசித்துக்கொண்டே வந்தாள். ரவுடி வந்தால் கத்திக்கொண்டு வருவான், முன்கூட்டியே தெரியும். இவன் சிரித்துக்கொண்டல்லவா வருவான்! பிளேன்டீ போட்டுத் தருவான், லீக்ஸோடு பேசுவான், எந்த நேரத்தில் கை நீளும் என்று யாருக்குத் தெரியும்? போக்கிடமும் இல்லை. பூனாகலையில் இருந்த அம்மா வீட்டை மண்சரிவு கொண்டுபோய், அம்மாவே அடுத்தவர் வீட்டில் ஒண்டியிருக்கிறாள்.

அன்றிரவும் மறுநாளும் பிரதீஷ் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. போனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். ஞாயிறு காலை குளித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு கிளம்பிப் போனான்.

அன்று மழையும் மூட்டமும். பொழுது சாய்கிற நேரத்துக்கே பக்கத்து லயம் தெரியவில்லை. யசோதினி முன்கதவைத் தாழ்போட்டுவிட்டு மகளோடு உட்கார்ந்திருந்தாள். படியில் காலடி கேட்டது. கதவை எட்டி உதைத்தோ தள்ளியோதான் அவனுக்குப் பழக்கம். இன்றைக்கு விரலால் மெல்லத் தட்டினான்.

"யசோ... கண்ணு... கதவத் தொறம்மா. ஒனக்குப் புடிச்ச மஸ்கட் இனிப்பு வாங்கியாந்திருக்கேன்."

என்ன குரல் அது! தேன் மாதிரி இருந்தது.

நிவேதிகா சந்தோசமாக எழுந்தாள். "அம்மா, அப்பா நல்லவராத்தாம்மா வந்திருக்காரு. தொறக்கட்டா?"

பிள்ளையின் கை தாழ்ப்பாளுக்குப் போய்விட்டது. யசோதினி பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தாள். பிடித்த பிடியில் பிள்ளைக்கு வலித்திருக்கும். விடவில்லை.

"நீங்க யாரு?" என்று கதவைப் பார்த்துக் கேட்டாள்.

வெளியே சிரிப்புச் சத்தம். "இது என்னம்மா கேள்வி? நாந்தான், ஒம் புருசன். பிரதீஷு."

"அது யாருன்னு எனக்குத் தெரியாதுங்க. பன்னெண்டு வருசத்துல அந்த ஆளு ஒரு நாளும் இந்த வீட்டுக்கு வந்ததில்ல."

வெளியே சிரிப்பு நின்றது. பிறகு கதவு அதிர்ந்தது. இன்னொரு உதை. பலகை கீழே பிளந்தது.

"ஏன்டி, வெள்ளிக்கெழம எவன்கூடடி தியேட்டருக்குப் போன? பசங்க போட்ட வீடியோவுல ஒன்னையப் பார்த்தேன்டி! வெள்ளிக்கெழமையே பார்த்துட்டேன். ரெண்டு நாளா பொறுத்திருக்கேன். தொற, புள்ளைக்கி முன்னாலயே கேக்குறேன்."

"அது... நீங்க இப்ப பார்த்துட்டு வந்த படம்..." என்று உளறினாள். "அதுல வர்றவன் மாதிரிப் பேசாதீங்க, சாமி மேல சத்தியமா நான் தனியாத்தான்..."

"படமா? எவன்டி படத்துக்குப் போனது? காலையிலயிருந்து ஸ்டோருக்குப் பின்னால குந்திக்கிட்டு, ஒன்னைய என்ன செய்யலாம்னு யோசிச்சுக்கிட்டு இருந்தேன்."

அவன் படம் பார்க்கவில்லை. கண்ணாடியையும் பார்க்கவில்லை, மல்லிகைப்பூவையும் பார்க்கவில்லை. அந்தத் தேன் குரலும் அவனுடையதுதான், இந்தக் குரலும் அவனுடையதுதான். பெல்ட் எடுத்த கை யாருடையது, விடியற்காலையில் பிளேன்டீ நீட்டிய கை யாருடையது என்று இத்தனை வருசம் யோசித்தாளே, இரண்டும் ஒரே கை. இளஞ்சேரனின் எல்லாப் படங்களையும் அவள் மனப்பாடமாக அறிவாள். இந்தப் பேச்சு அதில் ஒன்றிலும் இல்லை.

"அம்மா, இது எந்தப் படத்து அப்பா?" என்று நிவேதிகா அழுதுகொண்டே கேட்டாள்.

"எந்தப் படமும் இல்ல புள்ள. இதுதான் ஒங்கப்பா."

மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பின்பக்கத்துக் குசினிக் கதவால் மழைக்குள் இறங்கி ஓடினாள். பூவம்மா சத்தம் கேட்டு முன்னமே கதவைத் திறந்து வைத்திருந்தாள். இருவரையும் உள்ளே இழுத்துத் தாழ்போட்டு, அரிசி மூட்டையைக் கதவுக்கு முட்டுக்கொடுத்தாள். பொலிசுக்குப் போன் எடுத்தாள். அந்தப் பக்கம் முன்கதவு உடைந்து விழுந்தது. வீட்டுக்குள்ளே நடக்கிற சத்தம் சுவரின் வழியே கேட்டது, ஒவ்வொரு மூலையாகத் தேடுகிற சத்தம். பிறகு அது நின்று, சுவருக்கு மிகப் பக்கத்தில், மறுபடி அந்தத் தேன் குரல், "யசோ... கண்ணு..." என்றது.

யசோதினி மகளின் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாவம் அந்த இளஞ்சேரன், அந்த வீட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.