குத்துக்கு ரெண்டு நாத்து

அன்றைக்கு எங்கள் மகள் செவ்வந்தி இறந்து ஒரு வருஷம். மூளைக் காய்ச்சலில் போனாள், ஆறு வயது. காலையில் என் மனைவி பிரகதாம்பாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"ஒரு இலை போட்டுப் புள்ளைக்குப் படைச்சுக்கிறேங்க."

"செத்தவ வந்து திங்கப் போறாளா? ஐயர் வைக்காம கல்யாணம் பண்ணிக்கிட்ட வீடு இது. கட்சிக்காரன் சிரிப்பான்."

கத்திவிட்டு சைக்கிளை எடுத்தேன்.

நான் ரெத்தினம், விவசாய இலாகாவில் கிராம சேவக். ஆட்சி மாறி மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு நெல் கிடங்கில், சன்னலுக்கெல்லாம் சாக்கு கட்டி இருட்டாக்கி, பட்டப்பகலில் ஜப்பான் முறை நடவுப் படம் காட்ட ஏற்பாடு. கூலித் தகராறுக்குப் பிறகு மிராசுதார்களும் கூலி ஆட்களும் ஒரே கூரைக்கடியில் உட்கார்ந்தது அன்றுதான். நடுவில் ஒரு மாட்டு வண்டி போகிற அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள்.

படப்பெட்டி மாறித் தொலைத்துவிட்டது. வந்தது ஜப்பான் படம்தான், ஆனால் நடவு இல்லை, கதை. குண்டாக ஒரு மனுஷன் வாத்துக்குக் குடை பிடித்துக்கொண்டு வரப்பில் சைக்கிள் விட்டு, சேற்றில் விழுகிறான். கூட்டம் கலைந்துவிடக் கூடாதே என்று மைக்கைப் பிடித்தேன். பாஷை தெரியாவிட்டால் என்ன, எனக்கு வாய் இருக்கிறதே.

"மாப்பிள்ளை மாமியார் வீட்டுக்குப் போறாரு. சீரு, அந்த வாத்துதான்."

இரண்டு பக்கமும் சிரித்தது. மிராசுதார் துரைராசு துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்து அந்த மனுஷன் கிண்ணம் நிறையச் சோறு வைத்து, அதில் அவர்கள் சாப்பிடுகிற இரண்டு குச்சியை நட்டமாகக் குத்தினான்.

"பாத்துக்குங்க, இதான் ஜப்பான் நடவு. குத்துக்கு ரெண்டு நாத்து."

கிடங்கே அதிர்ந்தது. கூலி ஆட்கள் பக்கத்திலிருந்து காத்தாயி எழுந்தாள். போன அறுப்புத் தகராறில் புருஷன் மருதையனைப் பறிகொடுத்தவள்.

"ஐயா, அது படையல் சோறு. யாரோ செத்திருக்காங்க. கிண்டல் பண்ணாதீங்க."

சிரிப்பு அடங்கியது. திரையில் அந்தக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு செருப்பை வைத்தான். எதிரே ஒரு போட்டோ. அதே வாத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஒரு சிறுமி. அவன் போட்டோவிடம் என்னமோ சொன்னான். அதற்கு அர்த்தம் சொல்ல ஆள் தேவைப்படவில்லை.

எனக்கு மானம் போனது போலிருந்தது. அதைவிட, செவ்வந்தியின் முகம் கண் முன்னால் வந்து நின்றது. ஒரு வருஷமாக நான் அழுததில்லை. படம் முடிகிறவரை ஒலிபெருக்கியில் என் மூக்கு உறிஞ்சுகிற சத்தம்தான் கேட்டது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு வந்தேன்.

"சோறு இருக்கா?"

"மிச்சத்துல தண்ணி ஊத்திட்டேங்க. பசிக்குதா?"

"எனக்கில்ல. புதுசா உலை வை. நான் இலை அறுத்தாறேன்."

பிரகதாம்பாள் என்னையே பார்த்தாள். நான் அரிவாளை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய், நல்ல அகலமான இலையாகப் பார்த்துக் கை வைத்தேன். பின்னாலேயே வந்து நின்றாள்.

"சின்ன இலையா அறுங்க" என்றாள். "அவ கொஞ்சந்தான் திம்பா."