எஞ்சினுக்கு ஏற்ற ஆள்

இதுக்கு நான் பத்தமாட்டேன் என்று சகாயராணி நினைத்துக்கொண்டாள். சுப்புராஜின் லாரி எஞ்சினை அப்போதுதான் சங்கிலியில் கட்டி இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

மலையூரான மூஞ்சிக்கல்லில் அவள் புருஷன் கஸ்பாரின் பட்டறையில், பழுது நீக்கிய எஞ்சின்களின் பலத்தை அவள் உடம்பில்தான் சோதித்தார்கள். சுழலும் தண்டை அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வாள். அதன் வேகமெல்லாம் அவளுக்குள் இறங்கிச் சூடாகும். இடுப்பில் கட்டிய கயிறு, பூண்டு மூட்டை நிறுக்கிற தராசின் கொக்கிக்குப் போகும். முள் நிற்கிற இடம்தான் எஞ்சினின் பலம். மழைக்காலத்தில் அக்கம்பக்கத்தார் பிள்ளைகளின் யூனிஃபார்மை அவள் முதுகில் போட்டுக் காயவைத்து எடுத்துப்போனார்கள். நன்றி என்று யாரும் சொன்னதில்லை.

ஆளும் எஞ்சினும் பொருந்த வேண்டும். பூம்பாறையிலிருந்து சின்ன பம்புசெட் எஞ்சின் வந்தபோது, அவள் தொட்டதுமே அது திணறி நின்றுவிட்டது. ஆள் பெருசு என்று கஸ்பார் அவளைப் பட்டினி போட்டு, முள் ஒழுங்காக அசைகிறவரை மெலியவைத்தான். ஜீப் எஞ்சின் வந்தால் மாட்டுக்கறியும் சோறுமாக ஊட்டினான். இளைத்தும் பெருத்தும் வருஷங்கள் போயின. இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே வெந்துபோயின. ஊரடங்கில் பட்டறை பூட்டிக் கிடந்ததால் ஜென்சி மட்டும் பிழைத்துப் பிறந்தாள். போன வாரம் ஜென்சியின் விரல் பட்டுத் தையல் மெஷின் நின்றுபோனதை கஸ்பார் பார்த்துவிட்டான்.

இன்று எவ்வளவு ஊட்டியிருந்தும் லாரி எஞ்சின் அவளுக்கு அடங்கவில்லை. முள் நடுங்கிக்கொண்டே இருந்தது. உள்ளங்கைத் தோல் தண்டில் ஒட்டிக்கொண்டு சுற்றியது. கஸ்பார் வேகத்தைக் குறைத்தான்.

"என்னப்பா, வீட்டம்மா மொபெட்டுக்குத்தான் லாயக்கா?" என்று சுப்புராஜ் சிரித்தான்.

"ஒண்ணு பத்தலன்னா இன்னொண்ணச் சேத்துக் கோக்கணும்ணே, அம்புட்டுத்தான். ஏட்டி, ஜென்சியக் கூப்பிடு, வெரசா. ஒன் பின்னால நின்னு இடுப்பப் பிடிச்சுக்கிடட்டும்."

பிள்ளையின் இடுப்புக்கென்று சின்னக் கயிறு ஒன்றை அவன் ஏற்கனவே முறுக்கி ஆணியில் மாட்டியிருந்தான். அதை சகாயராணி காலையில் பட்டறையைக் கூட்டும்போதே பார்த்திருந்தாள்.

வாசலில், எல்லோர் கண்ணுக்கும் தெரிய, ஜென்சி பேரிக்காயைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"பிள்ள தூங்குதுங்க" என்றாள் சகாயராணி.

தண்டிலிருந்து கையை எடுத்து, தன் இடுப்புக் கயிற்றை அவிழ்த்துத் தராசின் கொக்கியில் தொங்கவிட்டுவிட்டு, பிள்ளை பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். குளிருக்கு ஜென்சி அவள் மேல் சாய்ந்துகொண்டாள்.