கொம்பில்லாத கல்பூச்சி

நாற்பது கோடி வருஷத்துக்கு முன்னால் கடலாகக் கிடந்த இடத்தில் இப்போது குடிக்கத் தண்ணீர் இல்லை. ஆனால் அல்நிஃப் ஊரைச் சுற்றியுள்ள குன்றுகளில் அந்தக் கடலின் பூச்சிகள் கல்லாகிக் கிடக்கின்றன. ஹம்மு அவற்றைத் தோண்டி விற்பவன். வெறும் பூச்சியை வெள்ளைக்காரன் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அதனால் காரின் நசுங்கலை நிரப்பப் பூசும் பட்டிப் பசையில் கொம்பு செய்து ஒட்டுவான். ஊரே ஒட்டியது, ஆனால் கடவுள் விட்ட குறையை ஹம்மு அளவுக்கு நேர்த்தியாக நிரப்ப ஆள் கிடையாது.

பள்ளிக் கண்காட்சியில் முதல் பரிசு வாங்குகிற பிள்ளைக்கு நகரத்து விடுதிப் பள்ளியில் இடம். ஹம்முவின் மகள் இத்தோவுக்கு வேறு வழியில்லை. தவறினால் ஆடு மேய்க்கப் போக வேண்டியதுதான். அப்பன் தோண்டிய மொட்டைப் பூச்சி ஒன்றை அப்படியே மேசையில் வைத்திருந்தாள். மொய்த்த சின்னப் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொன்னாள்.

"உயிரோட இருந்தப்பவே இதுக்குக் கண்ணு கல்லுதான். பயந்தா மரவட்டை மாதிரி சுருண்டுக்கும். வளர வளர பழைய ஓட்டைக் கழட்டிப் போட்டுட்டுப் புதுசு போட்டுக்கும்."

"எனக்குப் பெருநாளைக்கு மட்டுந்தான் புதுசு," என்றான் ஒரு பொடியன்.

பரிசு கொடுக்க வந்த கல்வி அதிகாரி பூச்சியைப் புரட்டிப் பார்த்தார். "கொம்பு எங்க பாப்பா? போலியைத் தூக்கிட்டு வந்துட்டியே. அசல் வேணுமா, அதோ பாரு." நடு மேசையில் அவர் கொண்டுவந்து வைத்திருந்த ஆறு கொம்புள்ள பூச்சி ஒன்று மினுங்கியது.

"அந்தக் கொம்பெல்லாம் எங்கப்பா ஒட்டினது," என்றாள் இத்தோ.

ஹம்முவோடு உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஊர் ஆண்கள் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் கோப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தார்கள். கல்பூச்சிக் கடைக்காரன் பஸ்ஸு பல்லைக் கடித்தான். "டேய் ஹம்மு, வாயைத் தொறந்தே, நாளைக்கு ஒரு டூரிஸ்ட் வண்டி இந்த ஊர்ல நிக்காது."

ஹம்மு மகளைப் பார்த்தான். அவள் கையில் இப்போதே ஆட்டுக்கோல் இருப்பது போலிருந்தது. எழுந்து போய் அதிகாரியின் பூச்சியை எடுத்து ஒரு கொம்பைத் திருகினான். படக்கென்று கையோடு வந்தது. உள்ளே வெள்ளைப் பட்டி.

"பூச்சி அசல்தாங்க ஐயா. கொம்பு மட்டும் என்னுது."

அதிகாரி தொண்டையைச் செருமினார். "தெரியும். பிள்ளைங்களைச் சோதிக்கத்தான் வெச்சேன்." முதல் பரிசு இத்தோவுக்கு. பிள்ளைகள் கூரை அதிரக் கத்தினார்கள்.

அந்தச் சத்தத்துக்குள் அதிகாரி ஹம்முவை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். "நாளைக்கு இதை அமைச்சருக்குக் குடுக்கணும்யா. ஒட்டித் தருவியா?"

"சாயங்காலமே தந்துடறேன். அமைச்சருக்குன்னா, இன்னும் ரெண்டு கொம்பு கூட வைக்கட்டுமா?"