கியூமர்ஸின் ஒரு வாரப் பணிவு

ஈரானின் காஷான் நகரத்தில், வீரர்கள் உடற்பயிற்சி செய்யும் பலக்கூடத்தில் கியூமர்ஸுக்கு ஈடு கிடையாது. இரண்டு பேர் தூக்கும் கர்லாக்கட்டையைச் சாமரம் போல வீசுவான். மல்யுத்தத்தில் அவனிடம் மண்ணைக் கவ்வியவர்களைக் கொண்டு ஒரு பேருந்தை நிரப்பலாம். ஆனால் ஒன்பது வருஷமாக பலக்கூடத்தின் தாழ்ந்த வாசலில் அவன் குனிந்து நுழையும்போது, மேடையில் முரசோடு உட்கார்ந்து பயிற்சியை நடத்தும் குரு, முர்ஷித் யதுல்லா, தலைக்கு மேல் தொங்கும் மணியை ஒரு தடவைகூட அடித்ததில்லை. நல்ல வீரன் நுழைந்தால்தான் அது அடிக்கும்.

இப்போது அது கல்யாண விஷயமாகிவிட்டது. அவன் கட்டிக்கொள்ள ஆசைப்படும் மாஹ்ரூவின் அப்பா ஹாஜி நுஸ்ரத் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: “எவனுக்கு அங்க மணி அடிக்கிறாங்களோ அவனுக்குத்தான் பொண்ணு. வெள்ளிக்கிழமை காலைல வந்து பாக்குறேன்.”

கியூமர்ஸ் முர்ஷித்திடம் போனான். “என்கிட்ட என்ன குறை?”

“கை இருக்கு, தோள் இருக்கு. பணிவு இல்லியேப்பா.”

“இந்த ஊர்ல என்னைவிடப் பணிவானவன் ஒருத்தனைக் காட்டுங்க, பாப்போம்.”

முர்ஷித் சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துத் தேநீரை உறிஞ்சினார்.

ஒரு வாரம் பணிவுப் பயிற்சி நடந்தது. “நான் உங்க கால் தூசி” என்று ரொட்டிக்கடைக்காரரிடம் சொன்னான். டாக்ஸிக்காரரிடம் சொன்னான். போக்குவரத்துக் காவலரிடமும் சொன்னான், அபராதம் குறையவில்லை. வியாழனுக்குள் அது நாக்கில் தானாக வர ஆரம்பித்தது.

வெள்ளிக்கிழமை தாடி வாசற்படியில் படும்படி குனிந்து நுழைந்தான். மணி அடிக்கவில்லை. முன்வரிசையில் ஹாஜி.

சுழலும் நேரம் வந்தது. பயிற்சிக் குழியின் நடுவில் இளையவன் முதலில் சுழல வேண்டும், மூத்தவன் கடைசியில். கியூமர்ஸ் முன்னால் வந்தான். அவன் வயதுக்காரன் ஃபிரூஸும் வந்தான். அவனுக்கும் இதுவரை மணி அடித்ததில்லை.

“நான்தான் சின்னவன். நான் முதல்ல,” என்றான் கியூமர்ஸ்.

“நீங்க எங்க, நான் எங்க. நான் பொடியன்.”

“உன் முன்னால நான் தொட்டில் குழந்தை.”

“நான் இன்னும் பொறக்கவே இல்லண்ணே.”

விட்டுக்கொடுக்க இருவருக்கும் மனமில்லை. கையை விரித்து ஒரே நேரத்தில் சுழன்றார்கள். மூன்றாவது சுற்றில் நெற்றியோடு நெற்றி மோதி விழுந்தார்கள். போதும் நிறுத்துங்கள் என்று முர்ஷித் மணியை ஓங்கி அடித்தார்.

கீழே விழுந்த சர்க்கரைக் கட்டியைத் தேடிக்கொண்டிருந்த ஹாஜி நிமிர்ந்தார். “மணி கேட்டுச்சே. யாருக்கு?”

முர்ஷித் தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்தார். கியூமர்ஸ் எழுந்து உட்கார்ந்தான். ‘எனக்கு’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் ஒரு வாரம் பழகிய நாக்கு முந்திக்கொண்டது.

“எனக்கெல்லாம் எதுக்கு ஹாஜி ஐயா. ஃபிரூஸுக்குத்தான்.”

முறைப்படி இனி ஃபிரூஸ் மறுக்க வேண்டும். ஒரு கோப்பைத் தேநீரையே மூன்று தடவை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாங்குகிற ஊர் அது. கியூமர்ஸ் தலையைக் குனிந்து காத்திருந்தான்.

“ஆமாங்க, எனக்குத்தான்,” என்றான் ஃபிரூஸ்.

ஹாஜி அவனை மேலும் கீழும் பார்த்தார்.

“தம்பிக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?”