தினமும் ஒன்று

கடையில் அவளுக்கு 'ரீசெக்' என்று பெயர். அந்த மருந்துக்கடையில் எட்டு வருஷமாக மருந்தாளராக இருப்பவளுக்குக் கடைசி ஆறு மாதத்தில் கிடைத்த பட்டம் அது. கொடுத்த மாத்திரையைத் திரும்ப வாங்கிப் பார்ப்பாள். டாக்டர் சீட்டைப் பார்ப்பாள், கவரைப் பார்ப்பாள், மறுபடியும் சீட்டைப் பார்ப்பாள். அவள் கொடுத்து முடிப்பதற்குள் வரிசையில் நிற்பவர்களுக்குப் பாதி நோய் தானாகவே குணமாகிவிடும் என்று முதலாளி கிண்டல் செய்வார். கிண்டலோடு போயிருந்தால் பரவாயில்லை. ஒரு நாள் பதினோரு வாடிக்கையாளர்களுக்குப் போன் போட்டு, "மருந்தை மாத்திக் கொடுத்துட்டேனோன்னு சந்தேகமா இருக்கு" என்று கேட்டுவிட்டாள். பதினொன்றும் சரியாகத்தான் இருந்தன. பதினோரு வீட்டிலும் கலவரம். முதலாளி அன்றைக்குச் சிரிக்கவில்லை.

"இன்னொரு தடவை இப்படி ஒரு போன் போச்சுன்னா, நீ வேற ஆளைப் பாத்துக்கம்மா" என்றார்.

அவள் பார்த்த வேறு ஆள் ஒரு மனநல ஆலோசகர். சாப்பாடு இறங்காமல், தூக்கம் வராமல், எழுந்து தலை வாரவே தெம்பில்லாமல் போன பிறகு, கணவன்தான் கையைப் பிடித்துக் கூட்டிப்போனான்.

ஆலோசகர் நிதானமாக விளக்கினார். "கடைக்கு வந்த ஒருத்தர் முகத்தைச் சுளிக்கிறார்னு வைங்க. மத்தவங்க, வெயில்ல வந்திருப்பார்னு விட்டுடுவாங்க. உங்க மனசு மட்டும், நான் ஏதோ தப்பு பண்ணிட்டேன்னு எடுத்துக்கும். அதோட விடாது. நான் எப்பவுமே இப்படித்தான், எதுக்கும் லாயக்கில்லை, இனிமே எதுவும் சரியாகாதுன்னு போய் நிக்கும். அவர் முகம் சுளிச்சது ஒரு நொடி. நீங்க படுத்துக் கிடக்கிறது மூணு நாள். உங்களைப் படுக்க வைக்கிறது அந்த முகம் இல்லை, நடுவுல ஓடுற எண்ணம். திரும்பத் திரும்ப ஓடி ஓடி அதுக்கு ஒரு தடம் விழுந்துபோச்சு."

அதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தார். எண்ணம் வந்தால் எழுத வேண்டும். அது உண்மை என்பதற்கு என்ன ஆதாரம், இல்லை என்பதற்கு என்ன ஆதாரம் என்று பக்கத்தில் எழுத வேண்டும். இவளும் பரீட்சைக்குப் படிப்பவள் போல எழுதினாள். மெல்லத் தூக்கம் வந்தது, பசித்தது. ஆனால் ஆலோசகர் சொன்ன பாடத்தை வீடும் கடையும் சேர்ந்து தங்கள் வசதிக்குச் சுருக்கிக்கொண்டன. இவளுக்கு எது தோன்றினாலும் அது பொய். அவ்வளவுதான் பாடம். நாளாக ஆக இவளும் அப்படித்தான் நம்ப ஆரம்பித்திருந்தாள்.

அப்படி இருக்கும்போதுதான் வியாழக்கிழமை மதியம், இருமல் மருந்து பாட்டில்களை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்த நேரத்தில், அந்த எண்ணம் வந்தது.

செவ்வாய்க்கிழமை, ரிட்டயர்டு கண்டக்டருக்கு மூட்டுவாத மாத்திரை கொடுத்தேன். வாரத்துக்கு ஒன்றுதான் போட வேண்டும். கவரில் 'தினமும் ஒன்று' என்று எழுதிவிட்டேன்.

கையிலிருந்த பாட்டிலைக் கீழே வைத்தாள். அந்த மாத்திரை வாரத்துக்கு ஒன்று என்றால் மருந்து. தினமும் போட்டால் வாயெல்லாம் புண்ணாகி, உடம்பில் ரத்த அணுக்கள் ஊறுவதே நின்று, ஆளையே கொண்டுபோய்விடும்.

ஸ்டோர் ரூமுக்குள் போய் நோட்டைத் திறந்தாள். இல்லை என்பதற்கான ஆதாரங்கள் மளமளவென்று வந்தன. எட்டு வருஷத்தில் ஒரு தப்பும் இல்லை. பதினோரு போனும் வீண். ஆறு மாதமாகத் தோன்றிய அத்தனையும் பொய். எழுதி மூடினாள். எண்ணம் மட்டும் போகவில்லை. கணவனுக்குப் போன் செய்தாள்.

"மறுபடியுமா?" என்றான். கோபமில்லை, பாவம், அலுப்புதான். "நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு. அதெல்லாம் வெறும் எண்ணம்னு அவங்களே சொல்லியிருக்காங்கல்ல? தண்ணி குடிச்சுட்டு வேலையைப் பாரும்மா."

தண்ணீர் குடித்தாள். வேலையைப் பார்க்க முடியவில்லை. ஏதோ ஒன்று உறுத்தியது. அவளுக்கு வழக்கமாக வரும் பயத்துக்கு முகம் கிடையாது, கிழமை கிடையாது. யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று மொட்டையாக வரும். இதற்கு எல்லாம் இருந்தது. சீட்டில் இரண்டு மாத்திரை. ஒன்று தினமும், ஒன்று வாரத்துக்கு ஒருமுறை. முதல் கவரை எழுதி முடித்ததும் போன் மணி அடித்தது. அதைத் தோளில் இடுக்கிக்கொண்டே இரண்டாவது கவரையும் எழுதினாள். அதைவிட மோசம், செவ்வாய்க்கிழமைதான் ஆறு மாதத்தில் அவள் எதையுமே இரண்டாம் தடவை பார்க்காத முதல் நாள். அந்தப் பெருமையை நோட்டில் வேறு எழுதி வைத்திருந்தாள்.

எண்ணமெல்லாம் பொய் என்று ஆலோசகர் எப்போது சொன்னார்? ஆதாரத்தைப் பார் என்றுதானே சொன்னார்? ஆதாரம் நோட்டில் இல்லை, கண்டக்டர் வீட்டில் இருந்தது.

பில்லில் இருந்த நம்பரைக் கூப்பிட்டாள். யாரும் எடுக்கவில்லை. முதலாளி முன்னால் போய் நின்றாள்.

"சார், ஒரு கவர்ல தப்பா எழுதிட்டேன்னு நினைக்கிறேன். நேர்ல போய்ப் பாத்துட்டு வந்துடறேன்."

"நினைக்கிறியா? தெரியுமா?"

"தெரியாது சார். பாத்தாத்தான் தெரியும்."

"போறதுன்னா மொத்தமாப் போயிடும்மா. என்னால முடியலை."

போனாள். நாலு தெரு தள்ளி வீடு. பாதி தூரம் ஓட்டமும் நடையுமாகப் போனாள். ஓடும்போதே மனசு தன் பழைய தடத்தில் ஏறிக்கொண்டது. அவர் செத்துப்போயிருப்பார், நீ தொட்டதெல்லாம் இப்படித்தான், நீ பிறந்ததே தண்டம். வாயை மூடு என்று அதை அதட்டக்கூட மூச்சு இல்லை. இரண்டாவது மாடி ஏறி மணியை அழுத்தினாள். உள்ளே சத்தமே இல்லை. மறுபடி அழுத்தினாள். கதவைத் திறந்தது கண்டக்டரின் மனைவி.

"மருந்துக்கடைப் பொண்ணுதானே? ஏம்மா இப்படி வேர்த்துக் கொட்டுது?"

"சார் எங்கம்மா?"

"சாப்பிட்டுக் கை கழுவுறாரு."

சாப்பாட்டு மேசையில் தண்ணீர் டம்ளரும், பக்கத்தில் சின்ன மஞ்சள் மாத்திரையும் இருந்தன. அதன் கவர் குப்புறக் கிடந்தது. திருப்பினாள். அவள் எழுத்து, அழகான குண்டு குண்டு எழுத்து. தினமும் ஒன்று.

"இதைப் போடாதீங்க!" என்று கத்தியேவிட்டாள். "எத்தனை போட்டீங்க?"

"முந்தாநாள் ஒண்ணு, நேத்து ஒண்ணு" என்றார் கண்டக்டர், கையைத் துடைத்தபடி. "டாக்டர் வாரத்துக்கு ஒண்ணுன்னு சொன்ன மாதிரிதான் இருந்துச்சு. உன் கவர்ல இப்படி இருக்கவும், எனக்குத்தான் காது கேக்கலைன்னு நினைச்சுட்டேன். உன் எழுத்து தப்பாகாதே."

அங்கிருந்தே டாக்டருக்குப் போன் போட்டு, தான் செய்த தப்பை ஒன்று விடாமல் சொன்னாள். உடனே அழைத்துவரச் சொன்னார். ரத்தம் பார்க்க வேண்டும், முறிக்க மருந்து இருக்கிறது, இரண்டோடு நின்றது நல்லது என்றார்.

ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டுக் கண்டக்டர் சட்டை மாற்றப் போனார். அந்த அம்மாள் பிடித்துக்கொண்டார். "படிச்ச பொண்ணுதானே நீ? கண்ணு எங்க இருந்துச்சு? ஒரு உசிரும்மா! நாங்க உன்னை நம்பித்தானே வாயில போடுறோம்?" கை நீட்டி, முகத்துக்கு நேராகத் திட்டினார். இவள் அசையாமல் நின்று வாங்கிக்கொண்டாள். அவமானத்தில் காது எரிந்தது. ஆனாலும் ஒன்றைக் கவனித்தாள். அந்த அம்மாள் செவ்வாய்க்கிழமையைத் தாண்டிப் பின்னால் போகவில்லை. கவரைப் பற்றி மட்டும்தான் திட்டினார். திட்டி முடித்து, மூச்சு வாங்கி, நிறுத்தியும் விட்டார். திட்டு என்றால் அதற்கு ஒரு முடிவு உண்டு என்பதே அவளுக்கு மறந்து போயிருந்தது.

அப்புறம், ஆட்டோ வருவதற்குள் உள்ளே போய் ஒரு டப்பாவைக் கொண்டுவந்து மேசைமேல் கொட்டினார் அந்த அம்மாள். கவர்கள், இருபதுக்கு மேலே. பிரஷருக்கு, சர்க்கரைக்கு, தைராய்டுக்கு, நெஞ்செரிச்சலுக்கு.

"ரெண்டு பேருக்கும் இத்தனை வருஷமா நீதான் எழுதித் தர்றே. இதுலயும் ஏதாவது கோளாறு இருக்கா, உக்காந்து பாரு."

உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தாள். காலை ஒன்று, சாப்பாட்டுக்கு முன். இரவு ஒன்று, சாப்பாட்டுக்குப் பின். உள்ளே இருந்த மாத்திரை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். எல்லாம் அவள் எழுத்து. கடைசிக் கவரை வைக்கும்போது குரல் உடைந்துவிட்டது.

"எல்லாம் சரியா இருக்கும்மா."

"அப்புறம் என்ன அழுகை?" என்றார் அந்த அம்மாள், பேனாவை நீட்டிக்கொண்டே. "அந்த ஒண்ணை மட்டும் அடிச்சுட்டு, திருத்தி எழுது."