இரண்டு மடங்கு அதிகம்

தேர்வு அலுவலகத்தில் அவளுக்குப் 'புள்ளிக்காரி' என்று பெயர். புள்ளியியல் படித்தவளாயிற்றே, விடுவார்களா? அவள் எழுதிய கணினி நிரல், எந்த மாணவர் எந்தக் கேள்வியைச் சரியாகப் போடுவார் என்று கணித்துச் சொல்லும். கணிப்பு பிசகினால் சிவப்பில் காட்டும். அன்று ஒரு வகுப்பின் கணக்குத் தேர்வில் ஒரே ஒரு கேள்வி மட்டும் முழுக்கச் சிவந்து கிடந்தது.

முப்பத்துமூன்று பேரில் முப்பத்தொரு பேர் பதினேழாம் கேள்விக்கு எழுதியிருந்தது ஒரே தவறான விடை: 36.

“கையும் களவுமா மாட்டிக்கிட்டாங்க. வாத்தியாரே சொல்லிக் கொடுத்திருப்பாரு. அந்த ரெண்டு பேர்தான் யோக்கியம்,” என்றார் மேலாளர். கேள்வித்தாள் தயாரித்தவரும் அவரே. “நாலு மணிக்குள்ள கையெழுத்து போடும்மா, வகுப்பு ரிசல்ட்டையே ரத்து பண்ணிடலாம்.”

அவளுக்குக் கை வரவில்லை. காப்பி அடிப்பவர்கள் ஒரே கேள்வியோடு நிறுத்துவார்களா? மற்ற தவறுகளெல்லாம் ஆளுக்கொரு பக்கம் சிதறிக் கிடந்தன. அதைவிட வேடிக்கை, கெட்டிக்காரப் பிள்ளைகள் எல்லோரும் 36. சரியாக 24 என்று எழுதிய இருவர்தான் வகுப்பிலேயே கடைசி. முப்பத்தொரு பேரின் வருஷம் வீணாகிவிடுமே என்ற பயம் ஒருபுறம் இருந்தாலும், இந்தப் புதிர் அவளை விடவில்லை. சாப்பாட்டு டப்பா திறக்காமலே கிடந்தது.

கேள்வியை எடுத்துப் படித்தாள். 'முதல் கூடையில் 12 பந்துகள். இரண்டாவதில் அதைவிட இரண்டு மடங்கு அதிகம். இரண்டாவதில் எத்தனை?' இருபத்துநாலு, இதிலென்ன குழப்பம்? ஆசிரியருக்கே போன் போட்டாள்.

“சொல்லிக் கொடுத்தது நான்தான்,” என்றார் அவர், பட்டென்று.

“பரீட்சையிலேயா சார்?” என்றாள் அவள்.

“பரீட்சையில இல்ல மேடம், வகுப்புல. ஆறு மாசம் இருக்கும். நீங்களே சொல்லுங்க, 'ஒரு மடங்கு அதிகம்'னா எவ்வளவு?”

அவள் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது.

“அப்ப அந்த ரெண்டு பேர்?”

“ஒருத்தன் அன்னிக்குத் தூங்கிட்டான். இன்னொருத்தி வரவே இல்ல.”

மணி மூன்றே முக்கால். மேலாளர் பேனாவை நீட்டினார்.

“ஒரே ஒரு சந்தேகம் சார். பன்னிரண்டை விட ஒரு மடங்கு அதிகம்னா எவ்வளவு?”

“இருபத்துநாலு. இதுகூடவா தெரியாது?”

“அப்ப ரெண்டு மடங்கு அதிகம்னா?”

“முப்ப...” என்று தொடங்கியவர் அப்படியே நின்றுவிட்டார். நீட்டிய பேனாவைத் தானே திறந்து, விடைப் பட்டியலில் 24-ஐ அடித்துவிட்டு 36 என்று எழுதினார்.

“அப்ப அந்த ரெண்டு யோக்கியங்களுக்கு?” என்றார் ஈனஸ்வரத்தில்.

“அவங்களுக்கும் மார்க் போடுங்க சார். நாமளும் அன்னிக்குத் தூங்கினவங்கதானே.”