கலாதேவியின் கையெழுத்து

கலாதேவி ஈப்போவில் ஒரு பெரிய நிதி நிறுவனத்தின் கிளையில் ஒன்பது வருஷமாக வேலை செய்தாள். வீடு பத்து காஜா என்ற ஊர்ப் பக்கம், பழைய ரப்பர் தோட்டத்தில். தோட்டத்தை வாங்கிய வீடமைப்பு நிறுவனம் இருபத்திரண்டு குடும்பங்களையும் வெளியேறச் சொல்லியிருந்தது. எதிர்த்து நின்ற குழுவுக்கு அவள் அப்பா உடையப்பன்தான் தலைவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, 'ஒய்பி' என்று எல்லாரும் அழைக்கும் சட்டமன்ற உறுப்பினரின் உதவியாளர் தோட்ட மண்டபத்துக்கு வந்தார். மாற்று வீட்டுக்குச் சம்மதம் எழுதிக் கொடுக்கச் சொன்னார். யாரும் அசையவில்லை. உதவியாளர் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"ஒய்பி மேல நம்பிக்கை இல்லைன்றீங்க. அப்புறம் உங்க ஆளே ஏன் அவருக்குத் தேர்தல் நிதி கொடுக்கறாங்க? கலாதேவி உடையப்பன். மாசாமாசம் சம்பளத்துல பிடிக்கச் சொல்லியிருக்காங்க லா."

"நான் கொடுக்கலப்பா!" என்றாள் கலாதேவி.

உடையப்பன் தாளை வாங்கிப் பார்த்தார். மகளின் கையெழுத்தேதான். கையிலிருந்த குழுவின் ஃபைலை நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே நடந்தார்.

அவளுக்கு நினைவு வந்தது. மார்ச் மாதம் அலுவலகத்துத் தோழி ஷர்மினி நீட்டிய படிவம், மேல்பாதி மடிந்திருந்தது. "ஊழியர் நலநிதி, கலா. சீக்கிரம் போடு, மேனேஜர் கேக்கறாரு." தங்கை கல்யாணத்துக்கு மூன்று நாள் இந்தத் தோட்டத்து வீட்டிலேயே தங்கி வேலை செய்த நெருங்கிய கூட்டாளி ஷர்மினி. அவள் தந்ததைக் கலாதேவி படித்துப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலை அலுவலகம் போனதுமே ஷர்மினியிடம் கேட்டாள். "பணம் யாருக்குப் போகுதுன்னு தெரியுமா உனக்கு?"

ஷர்மினி மறைக்கவில்லை. "தெரியும்."

"எங்க வீட்ட இடிக்க நிக்கிறவருன்னும் தெரியுமா?"

"அதனாலதான் உன் பேரக் கேட்டாங்க. நிதி கொடுக்கறவங்க பட்டியல்ல தோட்டத்து ஆளு ஒருத்தர் இருந்தா நல்லாருக்கும்னு மேனேஜர் சொன்னாரு. எனக்குப் பதவி உயர்வு வர்ற நேரம், கலா. மாட்டேன்னு எப்படிச் சொல்வேன்?"

கலாதேவி அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய், நடந்ததை அப்பாவிடம் சொன்னாள். முழுக்கக் கேட்டுவிட்டு உடையப்பன் மோட்டார் சைக்கிளை எடுத்தார். "வா, போலீஸ்ல சொல்லலாம்."

போலீஸ்காரர் புகாரைத் தட்டச்சு செய்தார். "கையெழுத்து வாங்கினவங்க பேரு?"

"ஷர்மினி."

"கூட்டாளியா?"

மண்டபத்தில்கூட அழாதவள் அப்போதுதான் அழுதாள். உடையப்பன் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கூட வேலை செய்றவங்கன்னு எழுதுங்க சார்," என்றார்.